சுண்ணாம்பு கேட்ட பேய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும், நூல் கோத்து அனுப்பியிருந்த நான்கு பேய்க் கதைகளும் கிடைத்தன. கதைகளைப் பட்டப்பகலில்தான் படித்தேன். அக்கா பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ராத்திரி படித்தால் இரண்டாவது பக்கத்திலேயே தூங்கிவிடுவேன் என்று தோன்றியது. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன்னால் முடியாது என்று நினைத்திருந்தால் "கதைகள் அருமை" என்று ஒரு கார்டில் முடித்திருப்பேன். தாள் வாங்கி உட்கார்ந்து இவ்வளவு நீளத்துக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கடைசிப் பீரியடில் "பேய்க் கதை சொல்லுங்க சார்" என்று உயிரை வாங்குகிறார்கள், சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். நாலு கதையை எழுதி முடித்துவிட்டுச் சொல்லலாமா என்று கேட்பது, கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண் பார்க்கக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. தாராளமாகச் சொல். பத்துப் பன்னிரண்டு வயது பேய்க் கதைக்கென்றே வாய்த்த வயது. ஆறு வயதுப் பிள்ளை அப்படியே நம்பிவிடும், அதற்குச் சொல்வது பாவம். பதினாறு வயதில் சிரித்துவிட்டு செல்போனை எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற உன் பிள்ளைகள்தான் "பேயெல்லாம் பொய் சார்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருக்கிறவன் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கையை நினைத்துக்கொண்டு எழுது.

உன் முதல் கதைக்கு வருகிறேன். அமாவாசை. மணி பன்னிரண்டு. மல்லிகைப்பூ வாசம். கொலுசுச் சத்தம். வெள்ளைச் சேலை, விரித்த தலை. எல்லாம் வரிசையாக வந்துவிட்டது, பேயைத்தான் காணோம். அந்த அம்மாள் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சினிமாவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். உன் பிள்ளைகள் 'முனி', 'காஞ்சனா' எல்லாவற்றையும் டிவியில் பார்த்து, பேய் வந்ததும் கதாநாயகன் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிற காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள். அவர்களிடம் போய்க் கொலுசை ஆட்டினால் என்ன ஆகும்? ஆனால் ஒன்று கவனித்தாயா? 2011-இல் வந்த அந்தக் காஞ்சனாவுக்கும்கூட ஒரு நியாயம் இருந்தது. அநியாயமாகக் கொன்றார்கள், அதனால் வந்தாள். உன் பேய் எதற்கு வருகிறது என்று கதை முழுக்கத் தேடினேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

நமக்குப் பேய்க்கா பஞ்சம்? 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினார். முதலாம் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாட வந்த புத்தகம். படித்து மூடினால் தொண்டைமானைவிடப் பேய்கள்தான் மனசில் நிற்கும். காளி கோயிலில் பசியோடு கிடந்தவை, போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிப்போய், யானைத் தந்தத்தால் பல் தேய்த்து, குளித்து, கூழ் காய்ச்சிப் பந்தி போட்டுச் சாப்பிடுகின்றன. பந்தியில் வாய் பேசாமல் கையால் சைகை காட்டிக் கூழ் கேட்கிற ஊமைப் பேய் உண்டு. கண் தெரியாத பேய் உண்டு. கனாக் கண்டுவிட்டு வந்து நிற்கிற பேய்கூட உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு குறை, ஒரு பசி. இதைச் சொல்லிப் பார், வகுப்பே உருளும். கூழில் என்னென்ன போட்டார்கள் என்பதை மட்டும் கொஞ்ச நாளைக்கு மறைத்து வை.

சிரிப்பு வேண்டாம், நடுக்கம்தான் வேண்டும் என்றால் பழையனூர் நீலி இருக்கிறாள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். முன்பிறவியில் புருஷனே கொன்றுபோட்ட பெண். அடுத்த பிறவியில் வணிகனாக வருகிறவனைப் பேயாகத் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபை முன்னால் நின்று, இவர் என்னை விட்டு ஓடப் பார்க்கிறார் என்று அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். எழுபது வேளாளர்கள் கூடிப் பேசி, உன் உயிருக்கு எங்கள் எழுபது உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, அவன் கையிலிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்ததும் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கொலை, தீ என்று இருக்கிறதே, சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி என்று இழுப்பாய். கொலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லையே. சபையிலிருந்து ஆரம்பி. ஒரு பக்கம் கைப்பிள்ளையோடு அழுகிற பெண், இன்னொரு பக்கம் வாளைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற ஆண். எழுபது பேரில் நீ ஒருவன், என்ன தீர்ப்புச் சொல்வாய் என்று கேள். ஏழாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். தீர்ப்பைச் சொன்ன பிறகு, அந்தக் குழந்தை கள்ளிக்கட்டை என்று மெதுவாக அவிழ். அந்த நிமிஷம் வகுப்பில் விழுகிற அமைதிக்காகத்தான் இந்தப் பிழைப்பே. போகிற போக்கில் ஒன்று: பொய் அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயர் வைத்துவிட்டோம். கட்டினவனே கொன்றுபோட்டவள் அழுத அழுகை எப்படிப் பொய்யாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த குறை. உன் பேய்க்குச் சட்டம் கிடையாது. மூன்றாம் பக்கத்தில் சுவர் வழியாக உள்ளே வந்த பேய், ஐந்தாம் பக்கத்தில் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது. "பேய்தானே அக்கா, எப்படி வேண்டுமானாலும் செய்யும்" என்பாய். உன் பிள்ளைகளிடம் கேட்டுப் பார். கபடியில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பையனாவது விளையாடுவானா?

விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள். முருங்கை மரத்தில் தொங்குகிற வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வாய் திறந்தால் வேதாளம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். வேதாளம் சொல்கிற கதையின் முடிவில் வருகிற கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும். இரண்டே சட்டம். சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரத்தில் சேர்த்துவைத்தபோது இருபத்தைந்து கதை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா அந்த இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டே இருபத்தைந்து தீர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் புதிது புதிதாக வேதாளக் கதை போட்டது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா, கையில் வாள், தோளில் பிணம்? நீ அந்தப் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புரட்டுவாய். ஆனால் மாதாமாதம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவாய். பிணம் தோளில் இருக்கிறது, மயானம் சுற்றி இருக்கிறது, இருந்தும் படிக்கிறவன் மனசு முழுக்க 'சொல்லிவிடுவானோ, சொல்லிவிடுவானோ' என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பேய்க்கும் சட்டம் இருந்தது. ராத்திரி தனியாக வருகிறவனை மோகினி வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்பாள். விரலால் எடுத்து நீட்டினால் போச்சு. கத்தி முனையில் வைத்து நீட்டினால் அண்ட மாட்டாள். இரும்பென்றால் அவளுக்கு ஆகாது. அந்த ஒரு விவரம் தெரிந்த பிள்ளை கதைக்குள் வெறுங்கையோடு போகாது. பயமும் குறையாது. கத்தியைக் கொண்டு வந்தோமா, மடியில் இருக்கிறதா, எடுப்பதற்குள் அவள் கை நீட்டிவிடுவாளா என்று கூடத்தான் செய்யும்.

இரண்டாவது கதையைப் பற்றிப் பேசவே எனக்குக் கோபம் வருகிறது. ஒன்பது பக்கம் நன்றாகப் போனது. பாழுங்கிணறும், அதில் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த அந்த நீளக் கயிறும் உன் சொந்தச் சரக்கு. எனக்கே முதுகில் சில்லென்றது. கடைசியில் என்ன செய்தாய்? அம்மா வந்து எழுப்புகிறாள், எல்லாம் கனவு! பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, சோறும் வைத்துவிட்டு, கை வைக்கப் போகும்போது இலையை உருவுகிறவனை என்ன சொல்வாய்? கயிற்றின் மறுமுனையில் என்ன இருந்தது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"பிள்ளைகளிடம் மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்றுதான் கனவாக்கினேன்" என்று எழுதியிருக்கிறாய். கூடவே பட்டுக்கோட்டையாரையும் சாட்சிக்கு இழுக்கிறாய். வேப்பமரத்துப் பேயையும் அதை நம்பவைக்கிறவர்களையும் ஒரு சின்னப் பையனிடம் கண்டித்து அவர் எழுதிய பாட்டு 'அரசிளங்குமரி'யில் வந்தது. படம் 1961-இல் வந்தபோது அவர் இல்லை, 1959-லேயே போய்விட்டார். எனக்கும் உயிரான பாட்டு. ஆனால் அவர் யாரை அடிக்கிறார் என்று பார். பிள்ளையை ஒரு இடத்துக்குப் போகவிடாமல், விளையாடவிடாமல் தடுக்கப் பேயைக் காட்டுகிறவர்களை. சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதும் அந்த வகைதான். அங்கே பேய் என்பது பிரம்பு. கதையில் வருகிற பேயைப் பிள்ளை தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது, வேண்டாம் என்றால் காதைப் பொத்திக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் உன் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். கதை என்று சொல்லிவிட்டுத்தானே ஆரம்பிக்கிறாய்?

விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க ஆசையாக இருந்தால் அதைத் தனியாகச் சொல், சரியாகவும் சொல். புளியமரம் ராத்திரியில் கரியமில வாயு விடுவதால் கீழே படுத்தவன் செத்துப்போவான், அதைத்தான் பேய் என்றார்கள் என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறாய். எல்லா மரமும்தான் விடுகிறது, நீயும் நானும்தான் விடுகிறோம். திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துபோகும், ஆளைக் கொல்லாது. பேயை ஒழிக்கப் போய் இன்னொரு கட்டுக்கதையைக் கையில் கொடுக்கிறாய். இதற்கு நானே எவ்வளவோ தேவலை என்று பேயே சிரிக்கும்.

மூன்றாவது கதையில் ரத்தம். எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடத்தில் சொட்டுகிறது. உனக்கு 'குரங்கின் பாதம்' தெரியும்தானே? ஆங்கிலேயரான டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் 1902-இல் எழுதியது. நம் நாட்டுப் பக்கிரி ஒருவர் மந்திரித்த குரங்குப் பாதத்தை ஒரு சார்ஜென்ட் மேஜர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகிறார். மூன்று வரம் தரும். கிழவரும் கிழவியும் இருநூறு பவுன் கேட்கிறார்கள். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான், ஆலைக்காரர்கள் கொடுத்த பணம் சரியாக இருநூறு பவுன். துக்கம் தாங்காத தாய், மகன் திரும்பி வரட்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்கச் சொல்கிறாள். செத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. இயந்திரத்தில் சிக்கியவன் எந்தக் கோலத்தில் இருந்தான் என்று பார்த்தவர் அப்பா மட்டும்.

ராத்திரி கதவு தட்டப்படுகிறது. இதற்குப் பிறகு ஜேகப்ஸ் காட்டுவது எதை? மேல் தாழ்ப்பாளை. தாய்க்கு அது எட்டவில்லை, நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. மாடியில் அப்பா இருட்டில் தரையைத் தடவிப் பாதத்தைத் தேடுகிறார். தட்டுகிற சத்தம் கூடிக்கொண்டே போகிறது. தாழ்ப்பாள் நகர்கிறது, பாதம் கையில் தட்டுப்படுகிறது, மூன்றாவது வரம். கதவு திறந்தபோது வெளியே ஆளில்லாத தெருவும் ஒரு விளக்கும். அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தத்தை நம் கண்முன் காட்டவில்லை. வாசலில் நின்றது என்ன என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொருவனும் தானே வரைந்துகொள்கிறான். பதினோரு வயதுப் பிள்ளை தனக்குத் தாங்குகிற அளவுக்குத்தான் வரைந்துகொள்ளும். நீ வரைந்து காட்டினால் உன் அளவைத்தான் அதன் தலையில் கட்டுவாய். செத்த மகனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு தாயின் அன்பு, திருப்பி அனுப்பியது ஒரு தகப்பனின் அன்பு என்பதையும் பார். இது புரிய அவர்களுக்கு இன்னும் சில வருஷம் ஆகும், ஆகட்டுமே.

ரஸ்கின் பாண்ட் எழுதிய 'இருட்டில் ஒரு முகம்' இரண்டு மூன்று பக்கம்தான், தேடிப் படி. சிம்லாப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ராத்திரியில் காட்டு வழியே வருகிறார். அழுதுகொண்டிருக்கிற மாணவனைப் பார்க்கிறார், டார்ச் அடித்தால் முகமே இல்லை. ஓடிப்போய் லாந்தரோடு நிற்கிற காவல்காரனிடம் சொல்கிறார். காவல்காரன் லாந்தரைத் தன் முகத்துக்கு உயர்த்துகிறான். லஃப்காடியோ ஹெர்ன் 1904-இல் வெளியிட்ட ஜப்பானியக் கதைத் தொகுப்பிலும் இதே எலும்புக்கூடு இருக்கிறது, அங்கே காவல்காரனுக்குப் பதில் சேமியா மாதிரி ஒன்று விற்கிறவன். முதல் முகத்துக்குப் பிள்ளைகள் அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள். பத்திரம் என்று நினைத்து ஓடிப்போன ஆளும் அப்படியே இருந்தால் என்னும்போதுதான் தொண்டை அடைக்கும். வாத்தியாராகிய நீ இதைச் சொன்னால் இன்னும் விசேஷம், ஒருதரம் உன் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள்.

பெற்றோர் சண்டைக்கு வருவார்களே என்றால், வரத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டார் கதைகளிலிருந்து திரட்டி 1981-இல் 'இருட்டில் சொல்ல அச்சமூட்டும் கதைகள்' என்று பிள்ளைகளுக்காகப் போட்டார். நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி 1990-களில் அங்கே மிக அதிகமாகப் புகார் போன புத்தகங்களில் அந்த வரிசைதான் முதலிடம். அதில் இருந்த ஸ்டீபன் கேமலின் படங்கள் மேலும் புகார் போனது. பிறகு வேறு ஓவியரை வைத்துச் சாதுவான படங்களோடு பதிப்பித்தார்கள். பழையதைப் படித்து வளர்ந்தவர்கள் எங்கள் பயத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சண்டைக்கு வந்தார்கள்.

புகாரை விடு. நீ பார்க்க வேண்டியது வேறு. சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் செத்த அம்மா, செத்த பாட்டி திரும்பி வருகிற கதையை அன்றைக்கு எடுக்காதே. பள்ளிக்கூடக் கிணறு, போகிற வழியில் இருக்கிற மரம் என்று அடையாளம் காட்டாதே. கழிப்பறையில் பேயை வைக்கவே வைக்காதே. ஜப்பானில் பள்ளிக்கூடக் கழிப்பறைக்கென்றே ஹனாகோ என்று ஒரு சின்னப் பேய்ப் பெண் உண்டு, மூன்றாவது கதவைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் சொல்வாளாம். அங்கே எப்படியோ. உன் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் ஏற்கெனவே சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அழுகிற பையனைக் காட்டிச் சிரித்தாய் என்று கேள்விப்பட்டால் நானே பஸ் ஏறி வருவேன்.

நான்காவது கதையில் பேய் வந்து வீட்டுப்பாடம் செய்யச் சொல்கிறது. கிழித்துப் போட்டுவிடு. தலைமையாசிரியருக்குப் பிடிக்கும் என்கிறாயே, அவர் ஆறாம் வகுப்பா?

கதைகளைத் தாளைப் பார்த்துப் படிக்காதே, வாயால் சொல். நம் ஆச்சி எங்கே படித்தாள்? நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. கரண்டு போன ஒரு ராத்திரி, பட்டாசாலையில் எங்கள் ஐந்து பேரையும் வட்டமாக உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சுண்ணாம்புக் கதையைச் சொன்னாள். மாட்டுத் தரகர் ஒருத்தர் சந்தையிலிருந்து தனியாக வருகிறார். பின்னால் ஒரு குரல், "அண்ணாச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" அவர் திரும்பாமல் மடியைத் தடவுகிறார். கத்தி இல்லை, சந்தையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அதோடு நிறுத்திவிட்டாள். வெற்றிலையை எடுத்து, நிதானமாகக் காம்பு கிள்ளி, துடைத்து, மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாராவது போயி அரங்குக்குள்ள இருக்கற சுண்ணாம்புக் கரண்டகத்த எடுத்துட்டு வாங்களேன், அப்பத்தான் மிச்சக் கதை" என்றாள்.

ஒருத்தரும் அசையவில்லை. அரங்குக்குள் மை இருட்டு. பெரியவன் தனக்குக் கால் மரத்துப்போச்சு என்றான். ஆச்சி எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, வாயில் வெறும் பாக்கை மென்றபடி இருந்தாள்.

கடைசியில் நான்தான் எழுந்து போனேன். போகும்போது அவள் மடிப்பக்கத்தில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்புடன்,
அக்கா

கயிற்றின் மறுமுனையில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்பு.